சத்தம் நின்றது, இழுவையும் போனது: புல்லட் டாப்பெட்டை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

போடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 1996 மாடல் புல்லட் 350 இருக்கிறது. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று நாள் மெட்டு ரோட்டில் போய்வருகிறேன். என்ஜினில் டிக் டிக்கென்று சத்தம் வந்தது. பட்டறையில் டாப்பெட்டை டைட் வைத்தார்கள், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் அதற்கப்புறம் சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை. மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இப்போது இரண்டாவது வேண்டியிருக்கிறது. இறங்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. கார்பரேட்டர் சிங்க் செய்தால் சரியாகும் என்கிறார்கள். மச்சானிடம் ஆர்டி 350 இருக்கிறது, அதற்கும் இதையே செய்ய வேண்டுமாம். இரண்டையும் வீட்டில் நானே செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் உங்கள் புல்லட்டில் இருப்பது ஒரே ஒரு கார்பரேட்டர். சிங்க் என்பது இரண்டு கார்பரேட்டர்களை ஒரே அளவில் திறக்க வைக்கும் வேலை. ஒன்றை எதனோடு சேர்ப்பது? அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சத்தம் நின்ற நாளிலிருந்து தொடங்கியிருக்கின்றன. டாப்பெட், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம், அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சத்தம் போடும் டாப்பெட்டைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், சத்தமே இல்லாததைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் மேல் ஏறும் சூட்டைப் பெரும்பாலும், மூடியபடி தன் சீட்டில் (வால்வு படியும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறக்குகிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால் வால்வு முழுசாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை, போதாததற்கு எரியும் வாயு அந்தச் சந்து வழியாகப் பீய்ச்சிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பு கருகி அரிக்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அடைபடும் அழுத்தம், கசிவதால்தான் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் இழுக்காது. லூசான டாப்பெட் சத்தம் போடும், ராக்கரைத் தேய்க்கும், ஆனாலும் சரிசெய்ய உங்களுக்கு அவகாசம் தரும். இன்னொன்று: வால்வு தேய்ந்து சீட்டுக்குள் இறங்க இறங்க இடைவெளி தானாகவே குறையும். அதனால் பழைய வண்டியில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தால் சந்தோஷப்படாமல் திறந்து பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். என்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி, விடிந்ததும் கிக் அடிப்பதற்கு முன் செய்வதுதான் நல்லது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் போடுங்கள். இனி பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்டினால் என்ஜின் சுற்றும். வலது பக்கம் சிலிண்டரை ஒட்டியிருக்கும் டாப்பெட் மூடியைத் திறந்தால் வால்வுகளைத் திறக்க மேலே தள்ளும் இரண்டு கம்பிகளின், அதாவது புஷ்ராடுகளின், அடிப்பகுதி தெரியும். எது எக்ஸாஸ்ட், எது இன்லெட் (கலவையை உள்ளே விடும் வால்வு) என்று குழம்ப வேண்டாம். மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒன்று எழுந்து இறங்கும்போதே மற்றது எழும், அப்புறம் இரண்டும் நெடுநேரம் அசையாமல் இருக்கும். முதலில் எழுவது எக்ஸாஸ்ட், பின்னாலேயே எழுவது இன்லெட். இன்லெட் இறங்கிய பிறகு பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. அங்கே சக்கரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். புஷ்ராட் இரண்டும் அசையக் கூடாது. அசைந்தால் நீங்கள் எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் இடத்தில் நிற்கிறீர்கள். பிஸ்டன் அடுத்த முறை மேலே வரும் வரை உருட்ட வேண்டும். இந்த இடத்தில் தவறினால் மற்றதெல்லாம் தவறாகிவிடும். பொறுமையாக இரண்டு முறை பாருங்கள்.

இந்தப் பழைய இரும்பு என்ஜினுக்கு இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல் போதும். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அளவு. எக்ஸாஸ்ட் மட்டும் மிக மிக லேசாக இளக்கமாக இருந்தால் நல்லது என்பது என் அனுபவம், அதுவும் உங்களைப் போல மலை ஏறுகிறவர்களுக்கு. அட்ஜஸ்டரில் ஸ்பேனர் பிடிக்க மூன்று இடம் இருக்கும், நடுவில் இருப்பது லாக்நட். மெல்லிய ஸ்பேனர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். லாக்நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் விரலால் சுழற்றிப் பார்த்துத்தான் மூடியைப் போட வேண்டும். பல பட்டறைகளில் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான்.

கிக் அடிக்கும்போது கம்ப்ரஷனைத் திறந்துவிடும் டீகம்ப்ரஸரின் கேபிளையும் பாருங்கள். லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் அதுவும் கம்ப்ரஷனைக் கசியவிடும், வால்வு மேல் பழி விழும். ஹெட்டில் சைலன்சர் பைப் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தால், இறக்கத்தில் வெடிப்பதற்கு அந்தக் காற்றுக் கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிளக்கைப் போட்டு, கிக்கரில் ஏறி உங்கள் எடையை மெதுவாக வையுங்கள். சில நொடி தாங்கி நின்று அப்புறம் இறங்கினால் நிம்மதி. உடனே வழுக்கி இறங்கினால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தாங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போதும் தாங்காவிட்டால் வால்வு கருகியிருக்கலாம், ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வால்வு சரியான பிறகுதான் கார்பரேட்டரைத் தொட வேண்டும். கம்ப்ரஷன் கசியும் என்ஜினில் ஐடிலிங் வைப்பது வீண் வேலை. ஏர் ஸ்க்ரூவை உள்ளே மெதுவாகக் கடைசி வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் சூடான பிறகு கால் கால் சுற்றாக உள்ளேயும் வெளியேயும் திருப்பி, எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். போடியை விட போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடிப்போகும். அதற்காகக் கார்பரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கும் ஜெட்டை மாற்றாதீர்கள். மாற்றினால் கீழே இறங்கியதும் காற்று கூடி என்ஜின் கொதிக்கும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்தாலே போதும்.

இந்த விரல் கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. 2009-க்குப் பிறகு வந்த யுசிஇ (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) என்ஜின் புல்லட், கிளாசிக் வண்டிகளில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட், அதில் நாம் வைக்க ஒன்றும் இல்லை. ஸ்ப்ளெண்டர் மாதிரி சின்ன வண்டிகளுக்கு ஃபீலர் கேஜ் கட்டாயம். வண்டியின் புத்தகத்தில் இருக்கும் அளவைத்தான் வைக்க வேண்டும்.

மச்சானின் ஆர்டி 350 வேறு கதை. அது டூ ஸ்ட்ரோக், டாப்பெட்டே கிடையாது. ஆனால் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்பரேட்டர் இருப்பதால் அதற்கு சிங்க் உண்மையிலேயே தேவை. என்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி, இரண்டு ஐடிலிங் ஸ்க்ரூவையும் தளர்த்தி, கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடுகள் முழுசாக இறங்கட்டும். இரண்டு வாயிலும் ஒரு விரலை ஸ்லைடின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகட்டும். இரண்டும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒன்று பிந்தினால் அதன் தலையில் இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பி ஒன்றாக்குங்கள். முழுத் திறப்பிலும் பாருங்கள். அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூக்களைச் சமமாக வைத்து ஸ்டார்ட் செய்து, இரண்டு சைலன்சர் முனையிலும் தொடாமல் கையைக் காட்டினால், இரண்டு வீச்சும் ஒன்றாக இருக்கிறதா என்று தெரியும். ஆயில் பம்ப் இன்னும் வேலை செய்யும் வண்டி என்றால் அதன் கேபிளையும் குறிக்கு நேராக வைக்காமல் விடாதீர்கள். பம்பை இழுப்பதும் அதே ஆக்ஸிலேட்டர்தான். ஆயில் குறைந்தால் ஏற்றத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி, சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும்.

புல்லட்டை முதல் நாளே பூப்பாறைக்கு எடுக்க வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரை போய்த் திரும்பி, ராத்திரி குளிரவிட்டு, காலையில் புஷ்ராடை இன்னொரு தடவை சுழற்றிப் பாருங்கள். 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை. மெல்லிய டிக் டிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், அதை இறுக்கச் சொல்லி மறுபடி யாரிடமும் கொடுக்காதீர்கள்.