மணியாச்சித் துப்பாக்கிச் சூடு யாருடைய வாழ்க்கையையெல்லாம் பாதித்தது?

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் ஆஷ், கோடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்ப்பதற்காக மனைவி மேரியுடன் புறப்பட்டு, மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் ரயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் அந்தப் பெட்டிக்குள் ஏறி, மனைவியின் கண்ணெதிரிலேயே அவரை பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார்; பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார்.

1908-இல் வ.உ.சி. கைதானதையொட்டி நெல்லையில் எழுந்த கலவரமும், அதில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்ததும் வாஞ்சியின் கோபத்தின் பின்னணியாகும். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதமோ ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலை எதிர்த்தும் பேசியது.

இதன் பின்விளைவுகளைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். தேடுதல் வேட்டை தொடங்கியதும், வாஞ்சியின் கூட்டாளிகளாகக் கருதப்பட்ட தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் தற்கொலை செய்துகொண்டார்கள். சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரில் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. முதல் குற்றஞ்சாட்டப்பட்டவரான நீலகண்ட பிரம்மச்சாரி 7 ஆண்டுக் கடுங்காவல் பெற்றார். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனும் சிறை சென்றார். வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். என் பார்வையில், இந்த வழக்கின் மிகக் கனத்த சுமை அவர் மீதே விழுந்தது. மேரி ஆஷும் தந்தையற்ற பிள்ளைகளோடு நின்றார். ஆஷின் கல்லறை இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. ரயில் நிலையமோ ‘வாஞ்சி மணியாச்சி’ என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது.