கேள்வி – பதில்: சாலையை அகலப்படுத்தியும் நெரிசல் தீரவில்லை

பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி 2015 மார்ச்சில் வெளிவந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்னும் நகரமைப்புக் கணினி விளையாட்டைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இரண்டாம் பாகம் என்று தனியே குறிப்பிடாத இடங்களில் எல்லாம் முதல் பாகத்தையே கருத்தில் கொண்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவர், பாலக்கோடு: என் நகரத்தின் மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டியதிலிருந்து, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் இடத்தில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கின்றன. நான்கு வழிச் சாலையை ஆறு வழியாக்கிப் பார்த்தேன். அதிலும் ஒரே தடத்தில்தான் எல்லா வண்டிகளும் நிற்கின்றன, மற்ற தடங்கள் காலியாகவே கிடக்கின்றன. என்ன செய்வது?

காலியாகக் கிடக்கும் அந்தத் தடங்களை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த விளையாட்டில் ஒரு வண்டி புறப்படும்போதே அது போக வேண்டிய வழியும், எந்த இடத்தில் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்பதும் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. முன்னால் நெரிசல் இருக்கிறதே என்று நடுவழியில் அது தன் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே எல்லா வண்டிகளும் ஒரே தடத்தில் நின்றால், அவை அனைத்தும் அடுத்த சந்திப்பில் ஒரே பக்கம் திரும்பப் போகின்றன என்று பொருள். நீங்கள் கூடுதலாகப் போட்ட தடங்கள் நேராகப் போகிறவர்களுக்கானவை. நேராகப் போக அங்கே யாரும் இல்லை.

எனவே சாலையின் அகலத்தை அளப்பதற்கு முன், அதில் நிற்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2017இல் இந்த விளையாட்டுக்கு ‘மாஸ் ட்ரான்சிட்’ என்னும் கூடுதல் தொகுப்பு வந்தபோது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த போக்குவரத்து வழிகள் காட்சியைத் திறந்து, அந்தச் சாலையைச் சொடுக்குங்கள். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வண்டியின் முழுப் பயணமும் கோடாகத் தெரியும். கோடுகளில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போனால், தொழிற்பேட்டைக்கென நெடுஞ்சாலையிலிருந்து தனி இறக்கம் வேண்டும். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நடுச்சந்தியைக் கடக்கிறவர்களே அதிகம் என்றால், சந்தியைத் தொடாத வெளிச்சாலை வேண்டும். சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகிறவருக்குத் தருமபுரி நான்கு ரோட்டில் ஒரு வேலையும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரைச் சுற்றிச் செல்வதால் அவர் அங்கே வருவதும் இல்லை. விளையாட்டில் தொடக்கத்தில் நமக்கு ஒரே ஒரு நெடுஞ்சாலை இணைப்புதான் தரப்படுகிறது. அதையே ஊரின் கடைவீதியாக நீட்டிவிடுவதும், மக்கள்தொகை பெருகிய பிறகும் இரண்டாவது இணைப்பைப் பற்றி நினைக்காமல் இருப்பதும்தான் நீங்கள் சொல்லும் வகை நெரிசலுக்குப் பெரும்பாலும் காரணம்.

அடுத்தது சந்திப்புகளுக்கு இடையே உள்ள தூரம். இறங்கும் சாலையின் முடிவில் உடனே ஒரு சிக்னல், அதிலிருந்து பத்துக் கட்டம் (விளையாட்டில் ஒரு கட்டம் 8 மீட்டர்) தள்ளி ஒரு தெரு, அதற்கடுத்து இன்னொரு தெரு என்று இருந்தால், ஒரு சிக்னலில் நிற்கும் வரிசை முந்தைய சிக்னலை அடைத்து, அது நெடுஞ்சாலை வரை நீண்டுவிடும். இறக்கத்துக்கும் முதல் சந்திப்புக்கும் நடுவே நீளமான, எந்தத் தெருவும் சேராத, எந்தக் கட்டடமும் வாசல் வைக்காத ஒரு சாலையை விடுங்கள். பிரதான சாலையில் வந்து சேரும் சிறு தெருக்களில் பாதியையாவது துண்டித்து, அவற்றை உள்ளே ஒரு நடுத்தரச் சாலையில் சேர்த்து, அந்த ஒரு சாலையை மட்டும் பிரதான சாலைக்குக் கொண்டுவாருங்கள். ஆறு வழிச் சாலையை மறுபடி நான்கு வழியாக்கினாலும் வண்டிகள் ஓடும் என்பதே என் கணிப்பு.

லாரி உரிமையாளர், கிருஷ்ணகிரி: தொழிற்சாலை லாரிகள் எல்லாம் குடியிருப்பு வழியாகவே போகின்றன. கனரக வாகனத் தடை போட்டால் சரியாகுமா?

தடையை மட்டும் போட்டால் சரியாகாது. லாரிகள் போக மாற்று வழி அமைத்த பிறகே தடைக்குப் பலன் உண்டு. இந்த விளையாட்டில் தொழிற்சாலையில் செய்த சரக்கு கடைகளுக்குப் போகிறது. தொழிற்பேட்டை கிழக்கிலும், கடைகள் மேற்கிலும், வீடுகள் இரண்டுக்கும் நடுவிலும் இருந்தால், ஒவ்வொரு லோடும் வீடுகளைக் கடந்துதான் ஆக வேண்டும். தொழிற்பேட்டையிலிருந்து கடைவீதியின் பின்புறத்துக்கு வீட்டு மனைகள் இல்லாத ஒரு சரக்குச் சாலை போடுங்கள். பிறகு குடியிருப்பில் தடையை அறிவியுங்கள்.

மாம்பழப் பருவத்தில் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் லோடு வண்டிகள் காத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆலை வளாகத்துக்குள்ளேயே நிறுத்த இடம் இருந்தால் அந்த வரிசை பொதுச் சாலைக்கு வராது. விளையாட்டில் தொழிற்சாலைகளுக்கு அப்படி ஒரு முற்றம் கிடையாது. உள் தெருக்களைத்தான் முற்றமாகக் கொள்ள வேண்டும். ஆகவே தொழில் மனைகளைப் பிரதான சாலையை ஒட்டி ஒதுக்காமல் உட்தெருக்களில் மட்டும் ஒதுக்கி, நுழைவுச் சாலையின் இரு பக்கத்தையும் வெறுமையாக விடுங்கள். சரக்கு ரயில் நிலையங்களும் லாரிகளைப் பெரிதும் குறைக்கும். ஆனால் உள்ளூர்ச் சரக்கு நிலையங்களை வெளியூர்த் தண்டவாளத்தோடு இணைக்காமல் தனித் தடத்தில் வைக்க வேண்டும். இணைத்துவிட்டால் வெளியூர் ரயில்கள் வந்து நிலையத்தை நிறைத்து, ரயில்களுக்கே நெரிசல் உண்டாகும்.

ஆசிரியை, ஊத்தங்கரை: குடியிருப்புப் பகுதியைத் திட்டமிடும்போது ஒரு பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஏதேனும் அளவு உண்டா? நான் சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களைப் போட்டுக்கொண்டே போகிறேன்.

மிகவும் பயனுள்ள ஓர் அளவு, உங்கள் பணிக்கும் நெருக்கமானது, 1929இல் அமெரிக்க நகரமைப்புச் சிந்தனையாளர் கிளாரன்ஸ் பெர்ரி முன்வைத்தது. ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தத் தேவையான அளவு குடும்பங்கள் கொண்டதே ஓர் அக்கம்பக்கம் என்றார் அவர். பள்ளி நடுவில் இருக்கும். எந்த வீட்டிலிருந்தும் குழந்தை ஏறத்தாழ கால் மைல், அதாவது 400 மீட்டர், நடந்தால் பள்ளிக்கு வந்துவிடும். பெரிய சாலைகள் பகுதியின் எல்லையில் ஓடுமே தவிர நடுவே புகாது. கடைகள் எல்லைச் சந்திப்புகளில் இருக்கும். பள்ளிக்குப் போகும் குழந்தை ஒரு பெரிய சாலையையும் கடக்கக் கூடாது என்ற அக்கறைதான் இந்த அமைப்பு முழுவதற்கும் அடிப்படை. வாகனங்கள் பெருகத் தொடங்கிய நாட்களிலேயே ஒருவர் இப்படிச் சிந்தித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதை விளையாட்டுக்குப் பொருத்துவது எளிது. அங்கே ஒரு கட்டம் 8 மீட்டர். ஆகவே 400 மீட்டர் என்பது 50 கட்டங்கள். பள்ளியை நடுவில் வைத்து, நான்கு திசையிலும் ஐம்பது கட்டங்கள் தள்ளி எல்லைச் சாலைகளைப் போட்டால், நூறு கட்ட அகலமுள்ள ஒரு பகுதி கிடைக்கும். சாலையின் ஒரு பக்கத்தில் நான்கு கட்ட ஆழத்துக்கே மனை ஒதுக்க முடியும் என்பதால், உள்தெருக்களுக்கு இடையே எட்டுக் கட்டங்கள் விட்டால் நிலம் வீணாகாது. நீங்கள் போடும் சதுரங்கக் கட்டம் தன்னளவில் தவறானது அன்று. ஒவ்வொரு தெருவும் எல்லைச் சாலையைப் போய் முட்டுவதுதான் தொல்லை, ஏனெனில் அப்போது உள்தெருக்களே குறுக்குவழியாகிவிடுகின்றன. எல்லைச் சாலைக்கு இரண்டு அல்லது மூன்று வாயில்களை மட்டும் வைத்து, மற்றத் தெருக்களை உள்ளேயே முடித்துவிடுங்கள். முடிந்த தெருமுனைகளிலிருந்து நடைபாதைகளை நீட்டி, எல்லைச் சாலைக்கு மேலே நடைமேம்பாலமாகக் கொண்டுபோய் அடுத்த பகுதியோடு இணையுங்கள். இந்த விளையாட்டின் மக்கள் நடக்கத் தயங்குவதே இல்லை. வண்டிக்குச் சுற்றுவழியும் நடப்பவருக்கு நேர்வழியும் இருந்தால் பலர் நடந்தே போய்விடுவார்கள். கடைகளின் இரைச்சல் வீடுகளைப் பாதிக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே ஒரு வரிசை அலுவலகங்களை வைப்பது நல்லது.

வாசகர், ஓசூர்: ஐந்து சாலைகள் கூடும் இடத்தில், கிருஷ்ணகிரி ஐந்து ரோடு போல, ரவுண்டானா நல்லதா, சிக்னல் நல்லதா?

ஐந்து சாலைகள் என்றால் ரவுண்டானாவே நல்லது, இரண்டு நிபந்தனைகளோடு. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 1966இல் இந்த விதி வந்த பிறகுதான் ரவுண்டானாக்கள் தமக்குள்ளேயே அடைத்துக்கொள்வது குறைந்தது. விளையாட்டில் பெரிய சாலைகள் சேரும் இடங்களில் சிக்னல் தானாகவே வந்துவிடும். போக்குவரத்து வழிகள் காட்சியில் உள்ள ‘சந்திப்புகள்’ என்ற பக்கத்தைத் திறந்து அவற்றை நீக்கிவிட்டு, வட்டத்தை முன்னுரிமைச் சாலையாகக் குறியுங்கள். இரண்டாவதாக, ஒரு சாலையின் வாய்க்கும் அடுத்ததன் வாய்க்கும் நடுவே வண்டி தடம் மாற இடம் இருக்கும் அளவுக்கு வட்டம் பெரிதாக இருக்க வேண்டும்.

இல்லத்தரசி, அரூர்: திடீரென ஊர் முழுவதும் இறந்தோரை எடுக்க ஆளில்லை என்ற குறி தோன்றுகிறது. மயானங்கள் போதுமான அளவு இருக்கின்றன. அமரர் ஊர்திகளே சாலையை அடைக்கின்றன.

ஒரே மூச்சில் பெரிய பரப்பைக் குடியிருப்பாக ஒதுக்கியிருப்பீர்கள். ஒன்றாகக் குடியேறியவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். ஆகவே அவர்கள் முதுமை அடைவதும் இறப்பதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. இப்போதைக்கு ஒவ்வொரு பகுதியிலும் தகன மேடை ஒன்று வைத்து, ஊர்திகள் ஊரைக் குறுக்கே கடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் மனைகளைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு ஒதுக்குங்கள்.

பள்ளி மாணவர், பென்னாகரம்: நெரிசலில் நின்ற வண்டிகள் சில நேரம் அப்படியே மறைந்துவிடுகின்றனவே?

வெகுநேரம் நகர முடியாமல் நிற்கும் வண்டிகளை விளையாட்டே நீக்கிவிடுகிறது. அதனால் நெரிசல் தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மறைந்த லாரியின் சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

வாசகர், தேன்கனிக்கோட்டை: 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் வெவ்வேறு வழியில் போவது ஏன்?

அதில் ஒவ்வொருவரும் நேரம், பணம், வசதி ஆகியவற்றை எடை போட்டு வழியைத் தேர்கிறார்கள். இளையோர் செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள், நடுவயதினர் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள், முதியோர் வசதியான வழியை விரும்புவார்கள். வண்டி நிறுத்த இடமும் கட்டணமும்கூட இந்தக் கணக்கில் சேரும். ஆகவே கடைவீதியில் நிறுத்தக் கட்டணம் விதித்து, அருகிலேயே பேருந்து வசதி தந்தால், சாலையைத் தொடாமலே கூட்டத்தைக் குறைக்கலாம்.

வாசகர், காவேரிப்பட்டணம்: நம் ஊர் போல இடப்பக்கம் வண்டி ஓட வைக்க முடியுமா?

முடியும். புதிய ஆட்டம் தொடங்கும்போது, வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே இடப்பக்கப் போக்குவரத்துக்கான கட்டத்தில் குறியிட வேண்டும். தொடங்கிய பிறகு விளையாட்டின் வழியாக மாற்ற இயலாது. அப்படித் தொடங்கினால் ரவுண்டானாவின் ஒருவழிச் சாலையை வலஞ்சுழியாக வரையுங்கள். வலப்பக்கப் போக்குவரத்துக்காகப் பிறர் வரைந்து பகிர்ந்த சந்திப்பு மாதிரிகளை அப்படியே பொருத்தினால் வண்டிகள் ஓடும் திசை முரண்படும் என்பதால், அவற்றைப் பார்த்து நீங்களே புதிதாக வரைந்துகொள்வதே சரி.