மின்சாரக் காரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் டிக் டிக் சத்தம்

வணக்கம். சில நாள் ஓட்டாமல் நின்ற கார், பட்டனை அழுத்தினால் படபடவென்று டிக் டிக், திரை மினுக்குகிறது, 'ரெடி' வரவில்லை, ஆனால் சார்ஜ் 70 சதவீதம் இருக்கிறது என்கிறீர்கள். அந்த 70 சதவீதம் காரை ஓட்டும் பெரிய பேட்டரியுடையது, அதை விடுங்கள். தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள்.

கிளப்பும்போது ஒன்றிரண்டு 'டக்' கேட்பது சகஜம். பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்சுகள், மூடும் சத்தம் அது. அவற்றை இயக்கும் மின்சாரம் சின்ன பேட்டரியிலிருந்துதான் வருகிறது. அது சோர்ந்து போனால் கான்டாக்டரோ ரிலேயோ ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். உங்கள் சத்தம் அந்த ரகம்தான்.

காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6 வோல்ட் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. டெர்மினல் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தாலோ, வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, சுத்தம் செய்து இறுக்குங்கள். சில சமயம் இதிலேயே முடிந்துவிடும்! பிறகு 12 வோல்ட் சார்ஜரில் போட்டு முயலுங்கள். 'ரெடி' வந்ததும் மீட்டர் 13-ஐத் தாண்டி 14 பக்கம் ஏற வேண்டும். ஏறாவிட்டால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். ஏறியும் இரண்டு நாளில் மறுபடி படுத்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

சின்ன பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே 'டக்'கோடு நின்றால் ப்ரீசார்ஜ் (முக்கிய கான்டாக்டர் மூடும் முன் மின்சாரத்தை மெல்ல ஏற்றும் சுற்று) அல்லது கான்டாக்டர் கோளாறாக இருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை. ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைக்கவே வேண்டாம், பல நூறு வோல்ட் ஓடுகிறது.

ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) ஏதாவது செருகியே விட்டிருக்கிறீர்களா? நின்ற காரிலும் அது சின்ன பேட்டரியை உறிஞ்சலாம். கழற்றிவிட்டு, அளந்த வோல்ட்டைச் சொல்லுங்கள்.