மவுண்ட் ஆகுது, ஆனா எழுத முடியல: என்எஃப்எஸ் பேரைப் பாக்காது, நம்பரைத்தான் பாக்கும்

லினக்ஸ் சர்வர்ல ஒரு ஃபோல்டரை என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா ஃபோல்டரைப் பகிர்ற முறை) ஷேர் பண்ணி ரெண்டு கிளையன்ட்ல மவுண்ட் பண்ணிட்டேன் (அந்த மெஷின்லயே இருக்கற ஃபோல்டர் மாதிரி இணைச்சிட்டேன்), ஒண்ணுல எல்லாம் சரியா இருக்கு, இன்னொண்ணுல ஃபைல் தெரியுது ஆனா சேவ் பண்ணா பெர்மிஷன் டினைட்னு வருது, யூசர் பேரு எல்லாத்துலயும் ஒண்ணுதான்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல ஒண்ணு, தயவுசெஞ்சு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) போட்றாதீங்க. மவுண்ட் ஆயிடுச்சுங்கறதால ஃபயர்வால், என்எஃப்எஸ்ஸோட 2049 போர்ட் பக்கமும் போக வேண்டாம். ஷேரே ரீட்-ஒன்லியா இருந்தா 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்'னு வேற எரர் வரும், உங்களுக்கு வந்தது அது இல்ல.

சாதாரண செட்டப்ல கிளையன்ட் அனுப்புறது உங்க பேரை இல்ல, யூஐடி நம்பரை, அதாவது ஒவ்வொரு யூசருக்கும் சிஸ்டம் குடுக்கற எண்ணை. சர்வர்ல நீங்க 1000, முதல் கிளையன்ட்லயும் 1000, ரெண்டாவதுல வேற யாருக்கோ மொதல்ல அக்கவுன்ட் போட்டதால நீங்க 1001னு ஆயிருப்பீங்க, சர்வருக்கு அந்த 1001 யாரோ ஒரு ஆளு, அதான் எழுத விடல. மூணு மெஷின்லயும் ஐடி (id) கமாண்ட் அடிச்சுப் பாருங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

வேற நம்பர் வந்தா அந்தக் கிளையன்ட்ல யூசர்மாட் (usermod) கமாண்ட் வச்சு யூஐடியை மாத்துங்க, ஆனா அங்க 1000 ஏற்கனவே இன்னொருத்தர்கிட்ட இருக்கும், அவரை மொதல்ல வேற நம்பருக்கு நகர்த்தணும், மாத்துறப்ப ரெண்டு பேருமே லாகின்ல இருக்கக் கூடாது. ஹோம் ஃபோல்டர்ல இருக்கறது தானா மாறிடும், வெளிய இருக்கற ஃபைலுக்கு நீங்கதான் சௌன் (chown, ஃபைலோட ஓனரை மாத்துற கமாண்ட்) போடணும்.

எல்லாரும் பொதுவா எழுதுற ஃபோல்டர்னா இவ்வளவு வேலை வேண்டாம், சர்வர்ல எதை யாருக்கு ஷேர் பண்றோம்னு எழுதி வைக்கிற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல (/etc/exports) ஆல் ஸ்குவாஷ் (all_squash, எல்லாரையும் ஒரே யூசரா மாத்துற ஆப்ஷன்) போட்டு அனான் யூஐடி (anonuid), அனான் ஜிஐடி (anongid, குரூப் எண்) ரெண்டும் 1000னு குடுத்துடுங்க, யாரு எழுதினாலும் ஒரே ஆள் பேர்ல விழும்.

சூடோ (ரூட், அதாவது அட்மின் அதிகாரத்துல கமாண்ட் ஓட்டுறது) போட்டும் எழுத முடியலையேன்னு குழம்பாதீங்க, ரூட்டா வர்றவங்களை சர்வர் 65534, அதாவது நோபடின்னு மாத்திடும், அது பாதுகாப்புக்கு, ஆஃப் பண்ணாதீங்க.

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல கை வைக்கிறப்ப ஒண்ணு கவனிங்க, இதுல நான் ஒரு சாயங்காலமே விட்டிருக்கேன்: கிளையன்ட் ஐபிக்கும் ஆப்ஷன் எழுதுற அடைப்புக்குறிக்கும் நடுவுல ஸ்பேஸ் விழவே கூடாது. விழுந்தா அந்த ஐபிக்கு வெறும் ரீட்-ஒன்லிதான், எழுதுற உரிமை நெட்வொர்க்ல இருக்கற மத்த எல்லாருக்கும் போயிடும். சேவ் பண்ணிட்டு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கமாண்டை -ra சேத்து (exportfs -ra) ஒரு தடவை ஓட்டுங்க, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணத் தேவையில்ல.