ரெண்டு இன்ஜின் விமானம் எத்தனை இருக்குன்னு முதல்ல கேளுங்க

பிபிஎல் (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) முடிச்சாச்சு, அடுத்து இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கும் (வெளிய எதுவும் தெரியாதப்பவும் கருவிகளை மட்டும் பாத்துப் பறக்குற தகுதி) மல்ட்டி இன்ஜினும் (ஒண்ணுக்கு மேல இன்ஜின் உள்ள விமானம் ஓட்டுற தகுதி), ஃபீஸ் கம்மியா இருக்கிற ஸ்கூல்ல மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டினா டிஸ்கவுண்ட் தராங்க, சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு மொத்தமா கட்டாதீங்க. நான் அப்படித்தான் கட்டினேன், அங்க இருந்ததே ஒரே ஒரு ட்வின், அதாவது ரெண்டு இன்ஜின் விமானம், அது ப்ரொப்பெல்லர் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னருக்குப் பார்ட்ஸ் வரலைன்னு ஆறு வாரம் ஹேங்கர்லயே நின்னுச்சு, திரும்பப் பறக்கும்போது ஏற்கனவே கத்துக்கிட்டதையே மறுபடி பழக நாலு மணி நேரம் போயிருச்சு, அதுக்கும் காசு நம்ம காசுதான்.

ஒரு நாள் காலையில இருந்து சாயங்காலம் வரை அங்க போய் உக்காருங்க. போர்டுல எழுதின பறக்குற ஸ்லாட்ல எத்தனை நிஜமா பறக்குதுன்னு எண்ணுங்க. படிக்கிற பசங்ககிட்ட தனியா பேசி, இன்ஸ்ட்ரக்டர் எத்தனை தடவை மாறினாங்கன்னு கேளுங்க, அது ரொம்ப முக்கியம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ கணக்குப்படி இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்குக்கு 40 மணி நேர இன்ஸ்ட்ருமெண்ட் டைம் வேணும், அதுல ஒரு பகுதி சிமுலேட்டர்லயே போகும், எவ்வளவு போகும்னு உங்க லைசென்ஸ் ஆபீஸ்ல உறுதி பண்ணிக்கோங்க, ஸ்கூல் சொல்றத மட்டும் நம்பாதீங்க.

மல்ட்டில இன்ஜின் ஃபெயிலியர் பயிற்சிதான் உயிர். ஒரு இன்ஜின் நின்னா, விமானத்தை நேரா வச்சுக்க வால்ல இருக்கிற ரடரோட பெடலை ஒரு கால் மிதிக்கும்; எந்தக் கால் மிதிக்காம சும்மா இருக்கோ அந்தப் பக்க இன்ஜின்தான் போச்சு, இது யோசிக்காம வரணும், அதுக்கு வாரம் மூணு தடவையாவது பறக்கணும். அந்த ஸ்லாட்டை எழுத்துல தர்ற ஸ்கூல் எதுவோ அங்க சேருங்க, கொஞ்சம் ஃபீஸ் கூடினாலும் பரவால்ல.