டிக்கெட் காசுக்கு மைதானமா, டிவியா?

கேள்வி: மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கால்பந்து பார்க்கப் போனால் டிக்கெட், ஆட்டோ, தீனி என்று இரண்டாயிரம் ரூபாய் பறந்துவிடுகிறது. பேசாமல் டிவியில் பார்த்தால் என்ன?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: கோல் எப்படி விழுந்தது என்று தெரிந்தால் போதுமென்றால் டிவியே மேல். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வேறு. எதிர்முனையில் நடப்பது எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். ஆஃப்சைடா இல்லையா என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டால், அவர் என்னைக் கேட்பார்.

ஆனாலும் நான் போவேன். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கத்து கோல்கீப்பர் முன்னே வந்து, கையை வீசிக் கத்தி, தடுப்பாட்டக்காரர்களை இரண்டடி நகர்த்துவதை நேரில்தான் பார்க்கலாம்.

2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதிப் போட்டியில் கோவாவிடம் 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்த நம்ம ஊர் அணி சென்னையின் எஃப்.சி., கடைசி நிமிடங்களில் 3-2 என்று புரட்டிப் போட்டது. மெண்டோசா அடித்த அந்த வெற்றி கோலை டிவியில்தான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள், கட்டிப்பிடிக்கக்கூட ஆளில்லை!

சரி, செலவு விஷயம். எல்லா ஆட்டத்துக்கும் போகாதீர்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வரும்போது போங்கள். அவர்களுடைய மஞ்சள் சட்டை ரசிகர் கூட்டத்தின் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். அப்புறம், பெரம்பூரிலிருந்து ஆட்டோ எதற்கு? மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து நடந்துவிடுங்கள்.