பைத்தான் நிரல்மொழி எப்படி உருவானது? பாம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

முதலில் பாம்பைக் கூடைக்குள் போட்டு மூடிவிடுவோம். பெயர் பாம்பிலிருந்து வரவில்லை. பிபிசியில் ஒளிபரப்பான 'மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது. மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதன் ரசிகர். சின்னத்தில் இருக்கும் இரண்டு பாம்புகளும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

காரைக்குடியில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணினி அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோகாமல் கைடோ ஒரு மொழியை எழுதிவிட்டார் என்று பிள்ளைகள் எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். அலுவலகம் மூடியிருந்தது, வீட்டில் கணினி இருந்தது, கைடோ அப்போது எழுதத் தொடங்கினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் ஏழு வருடச் சங்கதி இருக்கிறது.

எங்கள் ஐயா சின்ன வயதிலேயே பர்மாவுக்குக் கப்பலேறியவர். ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் கடைநிலை ஆளாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகுதான் சொந்தக் கடை போட்டார். அந்தப் பழைய கடை நொடித்துப்போனது. எந்த வழக்கத்தை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவிட்டு வருவது என்பது அதற்குள் ஐயாவுக்கு மனப்பாடம். கைடோவின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

கைடோ தொழில் பழகிய பெட்டியடி, ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ என்ற ஆய்வு நிறுவனம். 1982இல் படிப்பை முடித்ததும் அங்கே சேர்ந்தார். லம்பெர்ட் மேர்டன்ஸ் முதலானோர் வடிவமைத்த 'ஏபிசி' என்ற மொழியை நிறைவேற்றும் குழுவில் வேலை. நிரல் எழுதியே பழகாதவர்களும் கற்றுக்கொள்ளும்படி ஒரு மொழி வேண்டும் என்பதே ஏபிசியின் நோக்கம். அழகான மொழி, ஆனால் கடைக்கு ஆள் வரவில்லை. கோப்புகளோடும் இயங்குதளத்தோடும் அது சரியாகப் பேசாது. புதிதாக ஒரு வசதியைச் சேர்க்க வெளியாளால் முடியாது. எல்லோரும் புழங்கிய கலைச்சொற்களை ஒதுக்கிவிட்டுத் தனக்கென்று வேறு சொற்களை வைத்துக்கொண்டதால் அனுபவமுள்ள நிரலாளர்களும் அண்டவில்லை. கடைசியில் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அடுத்து கைடோ போன இடம் 'அமீபா'. பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் இயங்குதளம் அது. அதற்கான சின்னச் சின்னப் பராமரிப்பு நிரல்களை சி மொழியில் எழுதினால் நாள்கணக்கில் இழுத்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை மொழியான ஷெல்லில் எழுதலாம் என்றால், அமீபாவின் உள்வசதிகள் அதற்கு எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டியிருந்தது. ஏபிசி மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் போதுமே என்ற ஏக்கத்தோடுதான் அந்த கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. விடுமுறையில் தொடங்கிய வேலை 1990 முழுக்கத் தொடர்ந்தது. உடன் வேலை பார்த்தவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1991 பிப்ரவரியில் யூஸ்நெட் என்ற அந்தக்காலக் கணினி விவாதக் குழுக்களின் வழியாக 0.9.0 பதிப்பு வெளியானது. இந்த முறை கதவு திறந்திருந்தது. சி தெரிந்த யாரும் தங்களுக்கு வேண்டியதை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏபிசியிலிருந்து கைடோ எடுத்துக்கொள்ளாமல் விட்டவற்றில் எனக்குப் பிடித்தது பின்னக் கணக்கு. ஏபிசியில் வகுத்தால் விடை பின்னமாகவே, ஒரு துளி சிந்தாமல் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைடோ தன் வரிக் கணக்கை அதில் போட்டபோது நிரல் ஊர்ந்தது. உள்ளே பார்த்தால், இரண்டு மூன்று இலக்கம் அச்சிடுவதற்காக ஆயிரக்கணக்கான இலக்கங்களைச் சுமந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய பேரேடுகளே முந்திரியோடு, அதாவது 320இல் ஒரு பங்கோடு, நிறுத்திக்கொண்டவை. பைத்தானில் தசமத்துக்கு வன்பொருளின் மிதவைப் புள்ளி எண்ணே, அதாவது குறிப்பிட்ட அளவு இலக்கங்களோடு தோராயமாக நிறுத்திக்கொள்ளும் எண்ணே, போதும் என்று கைடோ முடிவு செய்தார். 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது அதனால்தான். இதைப் பார்த்துவிட்டுக் கணினி கெட்டுவிட்டது என்று முறையிடும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது வருவார்.

எடுத்துக்கொண்டவற்றில் பெரியது, வரிகளை உள்தள்ளி எழுதும் முறை. வரிகளைத் தொகுக்க அடைப்புக்குறி கிடையாது, உள்தள்ளியிருப்பதை வைத்தே எது எதற்குள் அடங்கும் என்று மொழி புரிந்துகொள்ளும். அதோடு வந்ததுதான் உள்தள்ளிய வரிகளுக்கு முந்தைய வரியின் கடைசியில் போடும் முக்காற்புள்ளி (:). அதற்கு ஒரு கதை உண்டு, கைடோவே எழுதியிருக்கிறார்.

1978இல், போலந்தின் யப்வோன்னா என்ற ஊரில் ஒரு மாளிகை. மேர்டன்ஸ், ராபர்ட் டிவார், ஜாக் ஷ்வார்ட்ஸ், பீட்டர் கிங் ஆகிய நால்வரும் ஏபிசியின் முன்வடிவத்துக்கு எந்த எழுத்துமுறை நல்லது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒத்துப்போகவில்லை. டிவாரின் மனைவியை அறையிலிருந்து வரவழைத்து நிரலைக் காட்டினார்கள். முகப்பில் ஆண்கள் பேசிப் பேசி முடிவுக்கு வராத சங்கதியை, வீட்டின் உட்பகுதியான வளவிலிருந்து ஆச்சியைக் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் எங்கள் வீடுகளில் சகஜம், அதனால் எனக்கு இது வியப்பாக இல்லை. விளக்கத்தைக் கேட்ட அந்த அம்மையார், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் இந்த 'ஃபார்' (for) வரி சொல்வது அதற்குக் கீழே வரும் வரிகளுக்குமா, அந்த ஒரு வரிக்கு மட்டும் இல்லையா என்று கேட்டார். வரி முடிவில் ஒரு முக்காற்புள்ளி இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று நால்வருக்கும் அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கதையை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ரசித்துக் கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். அடுத்த பத்தாவது நிமிடம் முக்காற்புள்ளியை விட்டுவிட்டு, பிழை வருகிறது சார் என்று கூப்பிடுகிறார்கள்.